நான் அந்துப்பூச்சி வேலை பார்த்த வருஷம்

முதலில் பந்துகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்களில் பாதிப் பேர் மேற்கொண்டு படிக்கமாட்டீர்கள். குவைத்தில், மங்காஃபில் நம் கட்டடத்துக்கு முன்னால், கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி, சிமெண்டுத் தொட்டிகளில் வரிசையாக ஒரு செடி நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? இலை ஒவ்வொன்றும் கத்தி, கத்தியின் நுனியில் ஊசி. ‘கத்திச் செடி’ என்று நாம்தான் பெயர் வைத்தோம். பக்காலா மளிகைக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பந்து அதில் போய் விழுந்தால் ‘புஸ்’ஸென்று ஒரு சத்தம் வரும். அதோடு அன்றைய ஆட்டம் முடிந்தது. செத்த பந்துகள் சிவப்பும் மஞ்சளுமாகச் சுருங்கி, வெயிலில் வெளுத்து, இலைகளுக்கு நடுவே செருகிக் கிடக்கும். கையை விட்டு எடுக்க யாருக்கும் துணிச்சல் வராது.

இப்போது நமக்குத் தலைக்குச் சாயம் அடிக்கிற வயது. சிலர் கனடாவில், சிலர் சென்னையில், ஒருத்தி இன்னும் குவைத்திலேயே. நம் கட்டடத்துப் பிள்ளைகள் குழுவில் யார் அந்தச் செடியைப் பற்றிப் பேசினாலும் பந்துக் கதைதான் வருகிறது. அது பூத்தது யாருக்கும் நினைவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

பக்கத்து நாட்டில் சண்டை நடந்ததற்கு அடுத்த வருஷம் அது. ஜன்னல் கண்ணாடிகளில் பெருக்கல் குறியாக ஒட்டியிருந்த பழுப்பு டேப்பை உரித்துவிட்டிருந்தோம். பசை மட்டும் போகவில்லை. சாயங்கால வெயில் அடித்தால் ஹாலின் சுவரில் அழுக்கான பெருக்கல் குறிகள் விழும். அப்பா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் டெக்னீஷியன். அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருவருக்கும் ஷிப்ட். வீட்டில் எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார் என்பதால் நாங்கள் தாழ்ந்த குரலில் பேசியே வளர்ந்தோம். அண்ணன் பத்தாம் வகுப்பு, எப்போதும் முதல் மாணவன். நான் ஐந்தாவது முடித்திருந்தேன். என் பெயரை மதிப்பெண் வரிசையில் கீழே இருந்து தேடினால் சீக்கிரம் கிடைத்துவிடும்.

எனக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. மெதுவாகப் படிப்பேன். ஒரு வரி பிடித்துவிட்டால் அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன். பரீட்சையில் முதல் பக்கத்தில் இருக்கும்போதே மணி அடித்துவிடும். ‘மந்தம்’ என்ற சொல்லை டீச்சர் அம்மாவிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அம்மா அதை அப்பாவிடம் தமிழில் சொன்னாள்.

அந்த மார்ச் மாதம் ரிசல்ட் வந்த அன்று அடுப்படியில் அவர்கள் பேசிக்கொண்டதை நான் நடையில் நின்று கேட்டேன்.

“தூத்துக்குடில சிஸ்டருங்க நடத்துத ஹாஸ்டல் இருக்குல்லா, மச்சான்ட்ட சீட்டு கேக்கச் சொல்லிட்டேன்” என்றார் அப்பா. “ஜூன்ல லீவுக்குப் போவோம். அப்படியே விட்டுட்டு வந்துருவோம். நம்ம ரெண்டு பேரும் டூட்டி டூட்டின்னு ஓடுதோம், இவள ஒக்கார வச்சு யாரு சொல்லிக் குடுக்கது?”

“பெரியவன்?”

“அவனுக்கு என்ன? அவன் இங்கயே இருக்கட்டும்.”

அம்மா பாத்திரங்களைத் தொட்டியில் போட்டாள். குழாயைத் திறந்துவிட்டாள். வேண்டாம் என்று அவள் சொல்வாள் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். பாத்திரம் கழுவி முடிக்கும்வரை நின்றேன். அவள் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு உங்களோடு விளையாட வரப் பிடிக்கவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் கத்திச் செடியின் நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்புவதைக் கண்டேன். ஊதா கலந்த பச்சை, என் மணிக்கட்டு கனம். ஒவ்வொரு நாளும் மேலே ஏறியது. ஏப்ரலில் வரிசை முழுவதும் தண்டுகள். ஒவ்வொன்றிலும் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ, கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி. பகலில் பாதி மூடித் தூங்கும். பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும் நேரம் விரிந்து ஒரு வாசனை விடும். சோப்பும் எலுமிச்சையும் கலந்த மாதிரி. கடல் உப்பையும் சுத்திகரிப்பு ஆலைப் புகையையும் தாண்டி அந்த வாசனை மூன்றாம் மாடி வரை வந்தது.

கட்டடக் காவலாளியை அங்கே ஹாரிஸ் என்பார்கள். நம் ஹாரிஸ் பங்களாதேஷ்காரர், நம்மோடு இந்தியில் பேசுவார். அவரிடம், இது காய்க்காதா என்று கேட்டேன்.

“ஃபல்? நஹி பேட்டி, கபி நஹி” என்றார். பழமாவது, ஒரு நாளும் கிடையாது. பூ கொட்டி முடிந்ததும் தண்டை ரம்பத்தால் அறுத்துக் குப்பையில் போட்டுவிடுவாராம். இல்லாவிட்டால் காற்றில் ஒடிந்து கார் மேல் விழும், கட்டட முதலாளி கத்துவார்.

இவ்வளவு பூ பூத்து ஒரு காய்கூட இல்லை என்பதை என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. பள்ளியில் கேட்டேன். “அழகுக்கு வைக்கிற செடி காய்க்காது. நீ முதலில் கணக்குத் திருத்தத்தை முடி” என்றார் டீச்சர். வகுப்பு சிரித்தது.

அண்ணனிடம் ஒரு கலைக்களஞ்சிய சிடி இருந்தது. கம்ப்யூட்டரில் போட்டால் விமானம் புறப்படுவது போலச் சத்தம் போட்டுக்கொண்டு சுற்றும். அவன் டியூஷன் போன நேரத்தில் அதைப் போட்டு, செடியின் பெயர் தெரியாததால் கத்தி இலைப் படம் வரும்வரை ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். அகப்பட்டுவிட்டது. யூக்கா. சொந்த ஊர் அமெரிக்கா. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இன்னொரு சின்னப் படம்: பூவுக்குள் ஒரு வெள்ளைப் பூச்சி. யூக்கா அந்துப்பூச்சி. மல்லிகை இதழ் ஒன்று உதிர்ந்து பூவுக்குள் விழுந்த மாதிரி இருந்தது.

அந்தப் பக்கத்தை எத்தனை சாயங்காலம் படித்தேன் என்று சொல்ல முடியாது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அவசரப்படுத்த மணி இல்லை.

கேளுங்கள். யூக்கா பூவின் மகரந்தம் காற்றில் பறக்காது, பசை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தேனீயால் சரியாக எடுத்துக் கொடுக்க முடியாது. இந்த வெள்ளைப் பூச்சியின் பெண்ணுக்கு வாய்க்குப் பக்கத்தில் சுருண்ட இரண்டு கைகள் உண்டு. வேறு பூச்சிகளுக்கு அப்படிக் கிடையாது. இருட்டத் தொடங்கியதும் பூவுக்குள் போய் மகரந்தத்தைச் சுரண்டி, உருட்டி, உருண்டையாக்கித் தாடைக்குக் கீழே இடுக்கிக்கொள்ளும். பிறகு வேறொரு செடியின் பூவுக்குப் பறக்கும். அங்கே பிஞ்சின் பக்கத்தைத் துளைத்து முட்டை வைக்கும். வைத்துவிட்டுச் சும்மா போகாது. பூவின் நடுத்தண்டில் ஏறி, நுனியில் இருக்கும் குழியில் அந்த மகரந்தத்தை வைத்துத் தலையால் இடித்து இடித்து அமுக்கும். அப்போதுதான் காய் பிடிக்கும். காய்க்குள் பிறக்கும் புழுக்கள் கொஞ்சம் விதையைத் தின்னும், மீதியை விட்டுவிடும். வளர்ந்ததும் காயைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து தரையில் இறங்கி, மண்ணுக்குள் கூடு கட்டிக்கொண்டு அடுத்த பூக்காலம் வரை தூங்கும். அந்தத் தாய்ப்பூச்சியோ, தான் வாழும் கொஞ்ச நாளில் ஒன்றுமே சாப்பிடாதாம். பூவுக்குள்ளேயே இருந்துகொண்டு தேனைத் தொடாது.

அந்தப் பூச்சி இல்லாத ஊரில் யூக்கா பூக்கும், காய்க்காது. அப்படித்தான் கடைசி வரி. செடியில் ஒரு குறையும் இல்லை. கப்பலில் செடியைக் கொண்டுவந்தவர்கள் பூச்சியைக் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பூக்களுக்குள் தேடினேன். எறும்பு இருந்தது. பச்சைப் பேன் இருந்தது. வெள்ளைப் பூச்சி இல்லை. சரி, அதன் வேலையை நானே செய்தால் என்ன என்று தோன்றியது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் ஷிப்ட் முடிந்து வந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். “பூச்சிய விட்டுட்டு பாடத்தப் படி மக்கா” என்றார், கண்ணை மூடிக்கொண்டே. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். “ஏ, ஏழாம் வாய்ப்பாடு, எட்டாம் வாய்ப்பாடு தப்பில்லாம சொல்லு பாப்போம், பொறவு நீ பூச்சி ஆகலாம்.”

ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் மகரந்தத்தைச் சுரண்டி, பக்கத்துத் தொட்டியிலிருந்த பூவின் குழியில் வைத்து அமுக்கினேன். இலைகள் சும்மா விடுமா? கை, முழங்கை, கழுத்தெல்லாம் சிவப்புப் புள்ளி. அம்மா அதைப் பார்த்துவிட்டு அம்மை என்று முடிவு செய்தாள். பிரசவ வார்டில் தலைமை நர்ஸுக்கே யோசனை சொல்கிறவள், என்னை உட்காரவைத்து உடம்பெல்லாம் ரோஸ் நிற லோஷன் தடவினாள். பள்ளிக்கு லீவு போட்டாள். மத்தியானம் எல்லாம் வீட்டில் விழித்திருந்தது நான் மட்டும், கம்ப்யூட்டர் என்னுடையது. நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் பூக்கள் கொட்டிவிட்டன. நான் தொட்ட ஒவ்வொரு பூவும் கருகி, காம்போடு கழன்று, கார்களின் மேல் கிடந்தது. முதல் தொட்டி, இரண்டாம் தொட்டி, எல்லாமே போயிற்று. நான் படியில் உட்கார்ந்து அழுதேன். டீச்சரும் அண்ணனும் சொன்னது சரிதான் போல என்று அன்றைக்குத் தோன்றியது.

மறுபடி போய் அந்தப் பக்கத்தைப் படித்தேன். ‘வேறொரு செடியின் பூவுக்கு’ என்ற இடத்தில் நின்றேன். நானும் வேறு செடிக்குத்தானே கொண்டுபோனேன்? ஹாரிஸிடம் ஓடினேன். இந்தச் செடிகளெல்லாம் எங்கிருந்து வந்தன? அவர் தொட்டிகளை நோக்கிக் கையை வீசினார். “சப் ஏக் ஹி கா பச்சா!” எல்லாம் ஒரே செடியின் குட்டிகள். முதலாளி ஒன்றுதான் வாங்கினார், அதை உடைத்து உடைத்து நட்டதுதான் இந்த வரிசை.

அப்படியென்றால் வரிசை முழுவதும் ஒரே செடி. அதன் மகரந்தத்தை அதற்கே வைத்திருக்கிறேன். தப்பு எங்கே என்று நானாகக் கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை.

கடைசித் தொட்டியில் மட்டும் தண்டு தாமதமாக வந்து, அப்போதுதான் மொட்டு விரிந்துகொண்டிருந்தது. அன்று சாயங்காலம் முக்காலியில் ஏறி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஆஸ்பத்திரி பஸ் வந்து நின்றது. அம்மா இறங்கினாள். வெள்ளைச் சீருடை, கையில் சாப்பாட்டுப் பை.

“ஏட்டி! அம்மை போட்ட பிள்ளை இங்க என்ன செய்யுத?”

“அம்மை இல்லம்மா. முள்ளு.”

அம்மா என் கையைப் பிடித்து, தெருவிளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் போன போக்கைப் பார்த்து அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். “லோஷனா தடவிட்டு இருந்தேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சிரித்துவிட்டாள். பிறகு, “சரி, சொல்லு. என்ன இது?” என்றாள்.

சொன்னேன். பூச்சி, சுருண்ட கை, உருண்டை, குழி, ஒரே செடியின் குட்டிகள், எல்லாம். அம்மா பையைக் கீழே வைக்காமலே கேட்டாள். நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முடித்ததும் கேட்டாள், “இதெல்லாம் ஆரு சொல்லிக் குடுத்தா?”

“நானே படிச்சேன்.”

அப்போதுதான் பையைக் கீழே வைத்தாள். “எங்க ஆஸ்பத்திரி வாசல்ல இந்தச் செடி நிக்கி. எல போற போக்கு கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். அது ஒதவுமா?”

மறுநாள் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கையில் ஒரு ஃபிலிம் ரோல் டப்பா இருந்தது. கறுப்பு உடம்பு, சாம்பல் நிற மூடி. இப்போது அப்படி ஒரு டப்பாவை எங்கே போய்த் தேடுவது? உள்ளே ஈரப் பஞ்சின் மேல் மூன்று நான்கு பூக்கள். இன்னொரு கையில், நர்ஸிங் படித்த காலத்தில் வாங்கிய அவளுடைய சொந்த ஃபோர்செப்ஸ் இடுக்கி.

“குச்சி வேண்டாம். இதால எடு. வெரல தளத்திப் பிடி. அவசரமே இல்ல.”

நான் முக்காலியில். அம்மா சீருடையோடு பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தாள். மகரந்தத்தை எடுத்து, குழியில் வைத்து, இடித்து அமுக்கினேன். அடுத்த பூ. அதற்கடுத்த பூ. “கை நடுங்கவே இல்லட்டி ஒனக்கு” என்றாள் அம்மா. அவள் என்னைப் பாராட்டி அதற்கு முன் கேட்டதில்லை. விரிய விரிய அடுத்தடுத்த சாயங்காலங்களும் செய்தோம். அம்மாவுக்கு டூட்டி இருந்த நாளில் டப்பா மட்டும் வேறொரு நர்ஸ் கையில் வந்து சேர்ந்தது.

நடுவில் தூஸ் வந்தது. புழுதிக்காற்று. வானம் ஆரஞ்சு நிறமாகி, கதவிடுக்கில் ஈரத்துணி செருகி, வாயைத் திறந்தால் பல்லில் மண் நறநறக்கும், நினைவிருக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தண்டு தரையைத் தொடுகிற மாதிரி வளைந்து ஆடியது. நான் வாசலுக்கு ஓடியபோது அப்பா குறுக்கே நின்றார். தடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். “நீ நில்லு” என்று சொல்லிவிட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, வேலைப் பையிலிருந்து கேபிள் கட்டும் பட்டைகளை அள்ளிக்கொண்டு இறங்கினார். தண்டைச் சுவர் ஓரத்துத் தண்ணீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டிவிட்டு, புருவமெல்லாம் மண்ணாக ஏறி வந்தார். “ஒங்க அம்மா சொன்னா” என்றார்.

காற்று அடங்கியபின் பூக்கள் கொட்டத் தொடங்கின. காலையில் பார்த்தேன், கொட்டியிருந்தது. சாயங்காலம் பார்த்தேன், இன்னும் கொட்டியிருந்தது. ஆனால் சில காம்புகளில் இதழ் மட்டும் வாடித் தொங்க, உள்ளே பச்சையாக ஒன்று விழாமல் நின்றது. தொட்டுப் பார்த்தேன். கெட்டி. சில நாளில் கோவைக்காய் அளவு. பிறகு குட்டி வெள்ளரி அளவு.

காய்! நான் படியில் ஏறவில்லை, பறந்தேன். தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை எழுப்பி, கைலியோடு கீழே இழுத்துவந்தேன். அவர் ஒரு காயை உள்ளங்கையில் ஏந்தி, ரொம்ப நேரம் நின்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த நேரம், ரம்பம் அறுக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஹாரிஸ் முதல் தொட்டியின் காய்ந்த தண்டை அறுத்துத் தள்ளிவிட்டு அடுத்ததுக்கு வந்துகொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் கடைசித் தொட்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். “மாஃபி கட்! சாச்சா, மாஃபி கட்!” வெட்ட வேண்டாம், வெட்ட வேண்டாம். அவர் கெஞ்சினார். முதலாளி வருகிறார், அவர் உத்தரவு, தன் வேலை போய்விடும்.

முதலாளி வந்தேவிட்டார். நாம் எல்லோரும் பயந்து ஒளிந்துகொள்வோமே, அதே மனிதர். வெள்ளைத் திஷ்தாஷா அங்கி, கையில் ஜெபமாலை, பெரிய கறுப்புக் கார். நேராக வந்து, என்னைத் தாண்டி, காயைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“மினு ஸவ்வா ஹாதா?” யார் செய்தது இது?

ஹாரிஸ் ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டு என்னைக் காட்டினார். எனக்குத் தெரிந்த அரபி பள்ளிப் பாடத்தில் வந்த சொற்கள்தான். ஃபராஷா என்றால் பட்டாம்பூச்சி என்று தெரியும், அந்துப்பூச்சிக்கு என்ன சொல் என்று தெரியாது. வானத்தைக் காட்டினேன், பூவைக் காட்டினேன்.

“ஃபராஷா மாஃபி” என்றேன். பிறகு என் நெஞ்சைத் தொட்டு, “அனா ஃபராஷா.”

பட்டாம்பூச்சி இல்லை. நான்தான் பட்டாம்பூச்சி.

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு அந்தப் பெரிய உடம்பு குலுங்கச் சிரித்தார். மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. அண்ணன் இறங்கி வந்தான். அவனுக்கு என்னைவிட அரபி வரும். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவன் முதலாளிக்குச் சொன்னான். என் வாயைப் பார்த்து அண்ணன் காத்துக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான். முதலாளி நடுநடுவே “மா ஷா அல்லாஹ்” என்றார். கடைசியில் ஹாரிஸைப் பார்த்து, “கலாஸ், போதும். இதைத் தொடாதே” என்றார். தன் காரையே எடுத்துத் தள்ளி நிறுத்தச் சொன்னார். தண்டு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் காரில் இடிபடாமல் இருக்கட்டும் என்று அந்த இடத்தைக் கயிறு கட்டி ஒதுக்கினார்கள். நம் கட்டடத்தில் கார் நிறுத்த இடம் கிடைப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும்.

பள்ளி விடுமுறைக்கு முந்தைய வாரம் ஒரு காயைப் பறித்து டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு போனேன். டீச்சர் மேஜையில் வைத்தேன். “எங்கே வாங்கினாய்?” என்றார். சொன்னேன். நம்பவில்லை. அறிவியல் கூடத்திலிருந்து கத்தி வரவழைத்துக் குறுக்கே வெட்டினார். உள்ளே வட்டமாக அறைகள், அறைக்குள் தட்டையான விதைகள் ஒன்றின்மேல் ஒன்றாக, ஓரம் மட்டும் கறுக்கத் தொடங்கியிருந்தது. ஒரு விதைகூடப் புழு தின்றதாக இல்லை. தின்னப் புழு ஏது?

டீச்சர் கத்தியைக் கீழே வைத்தார். அப்புறம் அவர் செய்ததை நான் எப்போதும் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன். “நான் தவறாகச் சொல்லிவிட்டேன்” என்று வகுப்புக்கு முன்னால் சொல்லி, தன் நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “இங்கே வந்து நின்று முழுதாகச் சொல்.”

என் ஆங்கிலம் தடுக்கியது. நான் நிறுத்தவில்லை. மெதுவாகவே சொன்னேன், அவசரப்படாமல், ஒவ்வொரு வரியாக. பூச்சி மகரந்தத்தைத் தலையால் இடிப்பதைச் செய்து காட்டினேன். மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போன் செய்தார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள், “ஆமா மிஸ், ஆமா மிஸ்” என்று மட்டும் சொன்னாள். வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

“இவ எங்கயும் போகல” என்றாள். அடுப்படியில் அன்றைக்கு வராத குரல் அது. “நான் டூட்டிய மாத்திக் கேக்கேன். நீங்க ஒரு நேரம் பாருங்க, நான் ஒரு நேரம் பாக்கேன். மெதுவாப் படிக்கிறவளுக்குப் பக்கத்துல ஆள் இருந்தாப் போதும்.”

அப்பா ஊருக்குப் பேசும் காலிங் கார்டை எடுத்து, நகத்தால் சுரண்டி, எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். தூத்துக்குடி மாமா எடுத்தார்.

“மச்சான், அந்த ஹாஸ்டல் சீட்டு வேண்டாம்னு சொல்லிருங்க... இல்ல, மார்க்கெல்லாம் கூடல. மார்க்கு அப்படியேதான் இருக்கு. நாங்கதான் பிள்ளைய ஒழுங்கா பாக்கல.”

மாமா ஏதோ கேட்டார். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். “என்ன செஞ்சாளா? மச்சான், அத போன்ல சொல்ல முடியாது. நேர்ல வந்து அவளையே சொல்லச் சொல்லுதேன். நீங்க நாற்காலி போட்டு ஒக்காரணும்.”

நான் செருப்புக்கூடப் போடவில்லை. மூன்று மாடியும் குதித்து இறங்கினேன். வெளியே அனல் என்பதால் நீங்கள் எல்லோரும் கீழ்த்தளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, மல்யுத்த வீரர் படம் போட்ட அட்டைகளைப் பரப்பி விளையாடிக்கொண்டிருந்தீர்கள். தாழ்ந்த குரலில் பேசிப் பழகிய நான், எங்கள் வீட்டில் தூங்குகிறவர்கள், மேல் வீட்டில் தூங்குகிறவர்கள், தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

“நான் போகல! நான் இங்கதான் இருக்கேன்!”

என்ன ஏது என்று தெரியாமலே நீங்கள் எல்லோரும் ‘ஹோ’வென்று கத்தினீர்கள். படிக்கட்டு முழுவதும் அட்டைகள் பறந்தன.